கணிதப் போட்டிப் பெறுபேறு: வன்னியில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வலயமட்டக் கணிதப் போட்டியின் பெறுபேறு வெளிவந்தால் ஒரு கிழமைக்கு என் தொலைபேசி ஓயாது. கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், கேள்விகள் அநேகமாக ஒன்றுதான். கிளிநொச்சிப் பக்கம் கணிதம் படிப்பிக்கிறேன், விடைத்தாள் திருத்தவும் போகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்ததால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

விதிகள் போட்டிக்குப் போட்டி கொஞ்சம் மாறும். நான் சொல்வதும் உங்கள் பாடசாலைக்கு வந்த சுற்றறிக்கையும் வேறுபட்டால் சுற்றறிக்கையையே நம்புங்கள்.

பெறுபேறு வந்திட்டுதாம் ரீச்சர். எங்க பாக்கிறது?

வலயக் கல்விப் பணிமனை அதிபருக்கு அனுப்பும், பணிமனை அறிவித்தல் பலகையிலும் ஒட்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றுவது அந்தப் பலகையை யாரோ கைபேசியால் எடுத்த படம். சரித்து எடுத்த படத்தில் ஒருவரின் பெயருக்கு நேரே அடுத்தவரின் புள்ளி தெரியும். அதை வைத்து அழவும் வேண்டாம், கேக் வெட்டவும் வேண்டாம். பிள்ளையின் சுட்டெண்ணைக் கொண்டுபோய்ப் பாடசாலையில் உள்ள பிரதியில் பாருங்கள்.

பட்டியலில புள்ளி எண்டு ஒரு நிரல், நிலை எண்டு ஒரு நிரல். எதைப் பாக்கோணும்?

புள்ளி என்பது பிள்ளை அந்த வினாத்தாளில் எடுத்தது. நிலை என்பது மற்றவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது என்பது. அடுத்த கட்டத்துக்குத் தெரிவுசெய்வது நிலையைப் பார்த்து. பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை இரண்டு நிரலுமே சொல்லாது. அதற்கு விடைத்தாள் வேண்டும். அதைப் பற்றிக் கீழே வரும்.

நிலை நிரலில் 1, 2, 2, 4 என்று இருந்தால் 3 எங்கே என்று கேட்கிறார்கள். இரண்டு பேர் ஒரே புள்ளி எடுத்து இரண்டாம் நிலையைப் பகிர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த பிள்ளைக்கு முன்னால் மூன்று பேர் நிற்பதால் அந்தப் பிள்ளை நான்காவது. தட்டச்சுப் பிழை இல்லை.

பள்ளிக்கூடத்தில 90க்குக் குறைய எடுக்காத பிள்ளை. போட்டியில 41. என்ன நடந்தது?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. கேட்கும் குரலில் பிள்ளையின் மேல் ஒரு சந்தேகமும் இருக்கும். பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வினாத்தாளும் இரண்டு வேலைக்காகச் செய்யப்பட்டவை.

தவணைப் பரீட்சையும் சாதாரண தரமும் பாடத்திட்டத்தில் உள்ளது பிள்ளைக்கு வந்திருக்கிறதா என்று பார்க்கின்றன. நன்றாகப் படித்த வகுப்பில் எல்லோருமே 75ஐத் தாண்டி ஏ எடுக்கலாம், அப்படி எடுத்தால் எல்லோருக்கும் சந்தோசம். போட்டி வினாத்தாளுக்கு அப்படி நடந்தால் அது தோல்வி. ஏற்கெனவே ஏ எடுக்கக்கூடிய பிள்ளைகளுக்கு இடையில் வேறுபாடு காட்டத்தான் அந்த வினாத்தாளை ஆக்குகிறார்கள். அதனால் கேள்விகள் பாடப்புத்தகப் பயிற்சியைப் போல இருக்காது. முறை தெரிந்த கணக்கைச் செய்யச் சொல்ல மாட்டார்கள், முறையைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள்.

உலக அளவில் பாருங்கள். சர்வதேச கணித ஒலிம்பியாட்டில் ஆறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி, மொத்தம் 42. இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணித்தியாலம். 2021இல் அங்கே 24 புள்ளி எடுத்தவர்களுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. நூற்றுக்குக் கணக்குப் பார்த்தால் 57. எங்கள் தவணை அறிக்கையில் அது சீ. அடுத்த வருடம் அதே தங்கத்துக்கு 34 தேவைப்பட்டது. 2021இல் வந்தவர்கள் மொக்குகள் என்று யாரும் சொல்லவில்லை, வினாத்தாள் கடினம் என்றுதான் சொன்னார்கள். ஆகவே 41 என்றால் முதலில் கேட்கவேண்டியது, அந்த வினாத்தாளில் மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பது. முதலாம் இடத்துப் பிள்ளை 58 எடுத்த வருடத்தில் 41 நல்ல புள்ளி.

வெட்டுப்புள்ளியை ஆர் வைக்கிறது? முதலே சொல்லக்கூடாதோ?

யாரும் உட்கார்ந்து வைப்பதில்லை. அடுத்த கட்டத்துக்கு ஒரு வலயத்திலிருந்து ஐந்து பேர் போகலாம் என்றால் ஐந்தாவது பிள்ளையின் புள்ளிதான் வெட்டுப்புள்ளி. அது விடைத்தாள் எல்லாம் திருத்தி முடிந்தபிறகு தானாகத் தெரிகிற எண். முன்கூட்டியே சொல்ல வழியில்லை. போன வருட வெட்டுப்புள்ளியை வைத்து இந்த வருடப் பிள்ளையை வெருட்டுவதும் வேண்டாத வேலை. ஏனென்று மேலே 24, 34 கதையில் பார்த்தீர்கள்.

62 எடுத்த பிள்ளை போகுது, 68 எடுத்த என்ர மகன் நிக்கிறான். இது நீதியோ?

கோபத்தோடு பணிமனைக்குப் போகமுதல் மூன்று விசயம் பாருங்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே தரப் பிரிவா? தரம் 9க்கும் தரம் 11க்கும் வேறு வேறு வினாத்தாள் என்றால் புள்ளிகளை ஒப்பிட முடியாது. இரண்டாவது, ஒரே வலயமா? முல்லைத்தீவு மாவட்டத்திலேயே முல்லைத்தீவு, துணுக்காய் என்று இரண்டு வலயம். வவுனியாவில் வடக்கு, தெற்கு. மன்னாரில் மன்னார், மடு. புதுக்குடியிருப்புப் பிள்ளை ஒரு வலயத்துப் பட்டியலில் நிற்கும், மல்லாவிப் பிள்ளை இன்னொன்றில். தெரிவு வலயத்துக்குள்ளே நடந்தால் ஒரு வலயத்தில் 62 போதும், பக்கத்து வலயத்தில் 68 போதாது.

மூன்றாவது, ஒரு பாடசாலையிலிருந்து இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு இருக்கிறதா? இருந்தால், நல்ல பிள்ளைகள் பலர் உள்ள பாடசாலையில் ஒருவர் வெளியே நிற்கத்தான் வேண்டிவரும். நீதியோ என்று கேட்டால், அந்த ஒரு பிள்ளைக்கு நீதியில்லைத்தான். ஆனால் அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் சின்னப் பாடசாலைகள் சில வருடங்களில் பட்டியலில் தலைகாட்டவே மாட்டா. நான் கட்டுப்பாட்டின் பக்கம்தான். என் வகுப்புப் பிள்ளையே ஒருமுறை அப்படி நின்றும் நான் மாறவில்லை.

ரெண்டு பேருக்கும் 54. ஒராளை மட்டும் எடுத்திருக்கினம். அதெப்பிடி?

இடம் ஒன்று, பிள்ளை இரண்டு என்றால் எதையாவது வைத்துப் பிரிக்கத்தானே வேண்டும். வழக்கமாக முதலில் இரண்டாம் பகுதி, அதாவது செய்கைவழி எழுதும் பகுதிப் புள்ளியைப் பார்ப்பார்கள். அங்கும் சமன் என்றால் ஆகக் கடினமான கேள்விக்கு யார் கூட எடுத்தது என்று பார்ப்பார்கள். சில போட்டிகளில் வயது குறைந்த பிள்ளைக்கு முன்னுரிமை. எது முதலில், எது பிறகு என்பது விதியில் எழுதியிருக்கவேண்டும். எழுதாமல் விட்டுவிட்டுப் பெறுபேறு வந்தபிறகு முடிவெடுத்திருந்தால் நீங்கள் கேள்வி கேட்பதில் பிழையில்லை.

விடை சரியெண்டு சேரே சொல்லிப்போட்டார். பிறகேன் 7க்கு 2?

இதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்லவேண்டும். பிள்ளைகள் ஆகக் கூடுதலாகப் புள்ளி விடுகிற இடம் இதுதான்.

"எப்போதும்", "எல்லா எண்களுக்கும்", "நிறுவுக" என்ற சொற்கள் கேள்வியில் இருந்தால் அங்கே கேட்பது விடையை இல்லை, காரணத்தை. பிள்ளை 1, 2, 3 என்று பத்து எண்களைப் போட்டுப் பார்த்து, "ஆகவே எப்போதும் சரி" என்று முடிக்கிறது. பரிசோதித்துப் பார்த்ததற்கு ஒன்றோ இரண்டோ புள்ளி கிடைக்கும், மிச்சம் இல்லை. அநியாயம் என்று தோன்றுகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். 0 போட்டால் 41, 1 போட்டால் 43, 2 போட்டால் 47, 3 போட்டால் 53. எல்லாம் முதன்மை எண்கள். 10 போடுங்கள், 20 போடுங்கள், 39 வரை ஒன்றுகூடத் தவறாது. நாற்பது எண்களைப் பார்த்தபிறகு யார்தான் "எப்போதும் முதன்மை எண்" என்று எழுதமாட்டார்கள்? 40 போட்டால் 1681 வரும். அது 41 தர 41.

இரண்டாவது வகை, கேட்டதைச் செய்யாமல் பக்கத்தில் உள்ளதைச் செய்வது. "3ஆல் வகுத்தால் மீதி 2, 5ஆல் வகுத்தால் மீதி 3, 7ஆல் வகுத்தால் மீதி 2 வரும் மூன்றிலக்க எண்கள் எத்தனை?" என்ற மாதிரிக் கேள்வி. 23 என்று பெட்டி போட்டு எழுதிவிட்டுப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 23 அந்த மூன்று நிபந்தனைக்கும் சரிதான். ஆனால் அது மூன்றிலக்க எண்ணும் இல்லை, எத்தனை என்ற கேள்விக்கு விடையும் இல்லை. சரியான விடை ஒன்பது எண்கள். வீட்டுக்கு வந்து "எனக்கு 23 வந்தது" என்று பிள்ளை சொல்ல, ரியூசன் சேரும் "ஓம், 23 வரும்" என்று சொல்லியிருப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

அப்ப கடைசி விடை பிழையெண்டா முழுக்கச் சைபரோ?

இல்லை. மேலே சொன்னதன் மறுபக்கம் இது. புள்ளித்திட்டத்தில் படிக்குப் படி புள்ளி பிரித்திருக்கும். சமன்பாட்டைச் சரியாக ஆக்கி, கடைசியில் 7 தர 8ஐ 54 என்று எழுதிய பிள்ளைக்கு ஒரு புள்ளிதான் குறையும். வெட்டிவிட்ட செய்கையைக்கூட, மேலே வேறு ஒன்றும் எழுதாவிட்டால், வாசித்துப் பார்க்கிற பரீட்சகர்கள் உண்டு. அதனால் அழிறப்பரால் தேய்த்துத் தாளைக் கிழிக்கவேண்டாம், ஒரு கோடு போட்டு வெட்டினால் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தெரியாத கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு கீறினா நல்லமோ, விட்டால் நல்லமோ?

பிழைக்குப் புள்ளி கழிப்பார்களா என்பதைப் பொறுத்தது. கழிக்காவிட்டால் ஒன்றையும் வெறுமையாக விடவேண்டாம், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கழித்தால் கணக்குப் பார்க்கலாம். ஐந்து தெரிவு, சரிக்கு 4 கூட்டல், பிழைக்கு 1 கழித்தல் என்று வைப்போம். 20 கேள்விக்குக் குருட்டாம்போக்கில் கீறினால் சராசரியாக 4 சரிவரும், 16 பிழைக்கும். வந்தது 16, போனது 16. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, நேரம்தான் போனது. ஆனால் ஐந்தில் இரண்டு தெரிவு நிச்சயமாக இல்லை என்று தெரிந்தால் கதை மாறும். அப்படியான 15 கேள்விகளில் சராசரியாக 5 சரி, 10 பிழை. 20 வந்து 10 போகும். ஆகவே ஒன்றிரண்டையாவது தள்ளமுடிந்தால் கீறலாம், ஒன்றையும் தள்ளமுடியாவிட்டால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

பிள்ளை எழுதினவ. பட்டியலில பேரே இல்லை.

பெரும்பாலும் சுட்டெண் பிழையாக எழுதப்பட்டிருக்கும், அல்லது வேறு மொழிமூல, வேறு தரப் பட்டியலில் விழுந்திருக்கும். சில பட்டியல்களில் குறித்த நிலைக்கு மேலுள்ளவர்களின் பெயர் மட்டும்தான் போடுவார்கள். அன்றைய வரவுத்தாளில் பிள்ளையின் கையொப்பம் இருக்கும். அதிபரூடாகக் கேட்டால் கண்டுபிடிப்பது கடினமில்லை.

மீள்பரிசீலனை கேட்டா திருப்பித் திருத்துவினமோ?

இரண்டு வகை உண்டு. ஒன்று கூட்டலைச் சரிபார்ப்பது: எல்லாப் பக்கமும் திருத்தப்பட்டதா, பக்கப் புள்ளிகள் முன்பக்கத்துக்குச் சரியாக வந்தனவா, பட்டியலில் சரியாக ஏறினவா. முதலாம் பகுதி 38, இரண்டாம் பகுதி 21, மொத்தம் 57 என்று பட்டியலில் கண்டால் அது கூட்டற்பிழை, 59 வரவேண்டும். இப்படியான பிழைகள் நடக்கும். பின்னேரம் ஐந்து மணிக்கு நூறாவது விடைத்தாளைத் திருத்துகிறவரும் மனிசர்தான். இதைக் கேட்க யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

மற்றது விடைத்தாளை இன்னொருவர் முதலிலிருந்து திருத்துவது. எல்லாப் போட்டியிலும் இதற்கு இடமில்லை. இடம் இருந்தால் புள்ளி கூடவும் செய்யும், குறையவும் செய்யும் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். எதுவானாலும் அதிபரின் கையொப்பத்துடன், கொடுத்த திகதிக்குள், ஒரு பக்கக் கடிதம் போதும். எந்தக் கேள்வி, எந்தப் படி என்று குறிப்பாக எழுதுங்கள். "என் பிள்ளை எப்போதும் முதலாம் பிள்ளை" என்று தொடங்குகிற கடிதத்தில் சரிபார்க்க ஒன்றுமே இருக்காது.

தமிழ் வினாத்தாளில ஒரு கேள்வி விளங்காத மாதிரி இருந்ததாம். அதுக்கு என்ன செய்யிறது?

மேற்கட்டங்களில் இது நடக்கிறது. வினாத்தாள் முதலில் வேறு மொழியில் ஆக்கப்பட்டுப் பிறகு தமிழாக்கப்படும். அந்த இடத்திலேயே கையை உயர்த்தி மேற்பார்வையாளரிடம் சொல்லவேண்டும். அவர் விளக்கம் தராவிட்டாலும் குறித்து வைப்பார். பிறகு விடைத்தாளில் "இதை நான் இவ்வாறு விளங்கிக்கொண்டேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுச் செய்யவேண்டும். அந்த ஒரு வரி இருந்தால், மேலே சொன்ன கடிதத்தில் காட்ட ஓர் ஆதாரம் இருக்கும். கேள்வியே பிழை என்று தெரியவந்தால் எல்லோருக்கும் அந்தப் புள்ளியைக் கொடுப்பார்கள், அல்லது எல்லோருக்கும் நீக்குவார்கள்.

ஒவ்வொரு வருசமும் ரவுன் பள்ளிக்கூடங்கள்தான். எங்கட பள்ளிக்கூடம் அவ்வளவு மோசமோ?

பட்டியலைப் பார்த்து ஒரு பாடசாலையை அளப்பது ஆபத்தான வேலை. முதல் பத்து இடத்தில் ஒரு பாடசாலையின் பெயர் ஐந்து தரம் வந்தால், அங்கிருந்து எத்தனை பேர் எழுதினார்கள் என்று முதலில் கேளுங்கள். அறுபது பேர் எழுதிய இடத்திலிருந்து ஐந்து பேர், நாலு பேர் எழுதிய இடத்திலிருந்து ஒருவர். எது பெரிது?

சராசரியைப் பார்த்தாலும் ஏமாறலாம். நாலு பிள்ளைகள் எழுதிய பாடசாலையில் 30, 35, 40, 95 என்றால் சராசரி 50. அந்த 95 பிள்ளை காய்ச்சலால் வராமல், பதிலாக வந்த பிள்ளை 35 எடுத்திருந்தால் சராசரி 35. ஒரே பிள்ளையால் 15 புள்ளி ஆடுகிறது. அறுபது பேர் எழுதிய பாடசாலையில் இதே மாற்றம் நடந்தால் சராசரி ஒரேயொரு புள்ளிதான் ஆடும். அதனால் சராசரிப் பட்டியல் போட்டால் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் சின்னப் பாடசாலைகளே நிற்கும். இந்த வருடம் மேலே நின்ற பாடசாலை வாற வருடம் கீழே போனால் ஆசிரியரைப் பிடித்துக் கேட்கத் தேவையில்லை.

ஆனால் பட்டியலில் தெரியாத உண்மை ஒன்றும் இருக்கிறது. காலை எட்டரைக்குப் போட்டி என்றால் கிளிநொச்சி நகரப் பிள்ளை சாப்பிட்டுவிட்டுச் சைக்கிளில் வரும். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பிள்ளையோ, பூநகரிக் கரைப் பிள்ளையோ முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு வெளிக்கிட்டிருக்கும். சில இடங்களில் கணித ஆசிரியரே வருடத்தின் பாதியில்தான் வந்திருப்பார். இதை நியாயப்படுத்தலாகச் சொல்லவில்லை. பணிமனைக்குச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்: போட்டி நிலையத்தை ஒவ்வொரு வருடமும் ஒரே நகரத்தில் வைக்காமல் மாங்குளம், மல்லாவி, நெடுங்கேணி என்று மாற்றி வைத்தால் செலவு பெரிதாகக் கூடாது.

மகள் தெரிவாகியிருக்கிறாள். தூர இடத்துக்குத் தனிய விடோணுமோ எண்டு அப்பா யோசிக்கிறார்.

தனியே விடத் தேவையில்லை. பாடசாலையிலிருந்து பொறுப்பாசிரியர் ஒருவர் போவார். யார் போகிறார், பெண் ஆசிரியரா, எதில் பயணம், இரவு தங்கவேண்டுமானால் எங்கே என்று அதிபரிடம் கேட்டு எழுத்தில் எடுங்கள். அது உங்கள் உரிமை. பதில் திருப்தியில்லை என்றால் அம்மாவும் கூடப் போகட்டும். "பொம்பிளைப் பிள்ளைக்கு எதுக்கு" என்று நிற்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஈரானைச் சேர்ந்த மரியம் மிர்சக்கானி 1994இலும் 1995இலும் சர்வதேச ஒலிம்பியாட்டில் தங்கம் எடுத்தவர், 1995இல் 42க்கு 42. கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் பெற்ற முதற் பெண் அவர். இலங்கை அந்த ஒலிம்பியாட்டில் முதன்முதலாகப் பங்குபற்றியதும் அதே 1995இல்தான்.

இந்தச் சான்றிதழ் கம்பஸ் எடுக்க உதவுமோ?

வலய, மாகாணச் சான்றிதழால், உயர்தரப் புள்ளிகளிலிருந்து கணிக்கிற இசட் புள்ளி கூடாது. பல்கலைக்கழகத் தெரிவு உயர்தரப் பெறுபேற்றை வைத்து நடக்கிறது. வழக்கமான பங்கீட்டில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டத் திறமை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. இதையும் போட்டித் தெரிவையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். போட்டியின் மேற்கட்டங்களில் மாவட்டத்துக்கென்று இசட் புள்ளி கிடையாது.

உதவுவது வேறு வழியில். இணைந்த கணிதம் எடுக்கப்போகிற பிள்ளைக்கு, பார்த்திராத கணக்கின் முன்னால் அரை மணித்தியாலம் பதறாமல் இருக்கப் பழகியது பெரிய முதல்.

அக்கா 2007இல வலயத்தில முதலாமிடம். சான்றிதழ் சண்டைக்குள்ள போச்சு. திரும்ப எடுக்கலாமோ?

இந்தக் கேள்வி வன்னியில் மட்டும்தான் இத்தனை பேரிடமிருந்து வருகிறது. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறு என்றால் கவலை இல்லை. பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்தில் பதிவு இருக்கிறது. ஆண்டும் சுட்டெண்ணும் கொடுத்து விண்ணப்பித்தால் சான்றிதழ் எடுக்கலாம். சுட்டெண் மறந்திருந்தால் அன்று ஒன்றாக எழுதிய வகுப்புத் தோழர்களின் சுட்டெண்ணைக் கேளுங்கள், அக்காவினது அதற்குக் கிட்டத்தான் இருக்கும்.

வலயமட்டப் போட்டிச் சான்றிதழுக்கு அப்படி ஒரு மத்திய பதிவு கிடையாது. பதிவு இருந்தது பாடசாலையிலும் பணிமனையிலும். 2008, 2009இல் பாடசாலைகளே இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நடந்து, பிறகு நின்றுபோன இடத்தில் கோப்புகளுக்கு என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கேட்டுப் பாருங்கள். அக்கா அடுத்த கட்டத்துக்குத் தெரிவாகிப் போயிருந்தால் மாகாண மட்டத்திலோ அதற்கு மேலோ பெயர் பதிந்திருக்கலாம். அந்தக் காலத்து அதிபரோ கணித ஆசிரியரோ இருந்தால் அவரிடம் ஓர் உறுதிப்படுத்தல் கடிதம் வாங்கலாம். அது சான்றிதழ் ஆகாது, ஆனால் நேர்முகப் பரீட்சையில் காட்ட ஒன்றுமில்லாமல் நிற்பதை விட நல்லது. இன்றைக்குச் சான்றிதழ் வாங்குகிற பிள்ளைகளின் பெற்றோர் இன்றைக்கே ஒரு படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.

அடுத்த கட்டத்துக்கு இன்னும் ரெண்டு மாசம்தான். எந்த ரியூசனுக்கு விடுறது?

நான் ஒரு வகுப்பின் பெயரும் சொல்லமாட்டேன். முதல் வேலை, எழுதிய அதே வினாத்தாளை நேரக் கணக்கில்லாமல் திரும்பச் செய்வது. நேரம் இருந்தால் எவை வருகின்றன, நேரம் இருந்தாலும் எவை வரவில்லை என்று இரண்டாகப் பிரியும். முதல் வகைக்கு வேகம் வேண்டும், இரண்டாம் வகைக்குத்தான் படிப்பு வேண்டும். விடைத்தாளைப் பார்க்க விடுவார்கள் என்றால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளியையும் நிலையையும் விட நூறு மடங்கு பெறுமதியானது அது.

படிக்கவேண்டியவை பெரும்பாலும் மூன்று: எண்களின் வகுபடும் தன்மையும் மீதிகளும், எண்ணிக்கைக் கணக்குகள், கேத்திரகணித நிறுவல். மூன்றாவதைப் பிள்ளைகள் சாதாரண தரத்தில் தேற்றத்தைப் பாடமாக்கிச் சமாளிப்பார்கள், இங்கே அது செல்லாது. ஒரு நாளைக்கு ஒரு கணக்குப் போதும், ஆனால் விடையைப் பார்க்கமுதல் ஒரு மணித்தியாலமாவது அதோடு மல்லுக்கட்டவேண்டும். 1959இல் தொடங்கிய சர்வதேச ஒலிம்பியாட்டின் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தரம் 10 பிள்ளைக்கு அவற்றில் முதலாம் கேள்வியும் நாலாம் கேள்வியும் போதும். ஒவ்வொரு நாளும் அவைதான் ஓரளவு இலகுவானவை.

கடைசிக் கேள்வியை வலயத்திலயே ஒருத்தரும் செய்யேல்லையாம். அப்ப அது கேள்வியின்ர பிழைதானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 1988 சர்வதேச ஒலிம்பியாட்டின் ஆறாம் கேள்வியை உலகத்திலிருந்து வந்த பிள்ளைகளில் 11 பேர்தான் முழுமையாகச் செய்தார்கள். 2017இல் மூன்றாம் கேள்விக்கு முழுப்புள்ளி எடுத்தவர்கள் இரண்டே பேர். இரண்டு கேள்வியிலும் பிழையில்லை. மேல்நுனியில் நிற்கும் பிள்ளைகளைப் பிரிக்க அப்படி ஒன்று வைப்பார்கள்.

ஆனால் வலயமட்டத்தில் ஒருவருமே ஒரு புள்ளிகூட எடுக்காத கேள்வி யாரையும் பிரிக்கவில்லை. எல்லோருக்கும் சைபர் என்றால் நிலை மாறாது, இருபது நிமிடம்தான் வீண். கேள்வி பிழையில்லை, வைத்த இடம் பிழை. வினாத்தாள் ஆக்குகிற எங்களுக்குத்தான் அந்தச் சைபர்.

ரீச்சர், மேல 23 கணக்குக்கு ஒன்பது எண்டு சும்மா எழுதிப்போட்டியள். நிறுவல் எங்க?

தரம் 10 மாணவி கேட்டது. சரியான கேள்வி.

23க்கு மூன்று நிபந்தனையும் சரி. அதே மீதிகளைத் தரும் வேறு எண் ஒன்றை எடுத்தால், அதற்கும் 23க்கும் இடையிலான வித்தியாசம் 3ஆலும் 5ஆலும் 7ஆலும் மீதியின்றி வகுபடவேண்டும். இந்த மூன்றில் எந்த இரண்டை எடுத்தாலும் பொதுக் காரணி 1ஐத் தவிர வேறில்லை என்பதால் வித்தியாசம் 105இன் மடங்கு. மறுதலையாக, 23உடன் 105இன் எந்த மடங்கைக் கூட்டினாலும் மீதிகள் மாறா. ஆகவே தகுந்த எண்கள் 23, 128, 233 என்று 105 பாய்ச்சலில் போகின்றன, இடையில் வேறு எதுவும் இல்லை. மூன்றிலக்கத்தில் முதலாவது 128. அதோடு எட்டுத் தரம் 105ஐக் கூட்டினால் 968. ஒன்பதாம் தரம் கூட்டினால் 1073, அது நாலிலக்கம். 128இலிருந்து 968 வரை எண்ணினால் ஒன்பது. "மறுதலையாக" என்று தொடங்கும் வரியை விட்டால் ஒரு புள்ளி குறைப்பேன்.